கண்ணாடி ஏற்றிய கார்

அன்புத் தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சௌக்கியம். அதாவது உன் அண்ணி சௌக்கியம். நான் அவளோடு சௌக்கியமாக இருப்பதாகப் பேர். நீ எப்படி இருக்கிறாய்? ஆய்வுக்கூடத்துக்குள் போகும்போது போனை வெளியே பூட்டி வைத்துவிடுகிறாய். வெளியே வந்ததும் கூப்பிட்டால், இந்தப் பக்கம் உன் அண்ணி என் தோளில் சாய்ந்துகொண்டு நான் சொல்லும் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் திருத்தம் போடுகிறாள். அதனால்தான் கடிதம். கடிதத்தில் நான் விட்ட புளுகு விட்டபடியே இருக்கும்.

இங்கே தெருவெல்லாம் புது வகை வைரஸ் பற்றித்தான் பேச்சு. பழையது உருமாறி வந்திருக்கிறதாம். மருந்துக்கடைக்காரர், எதிரில் நின்று முறைத்தாலே ஒட்டிக்கொள்ளும் என்கிறார். மாடிவீட்டுக்காரர், இது பல்லுப் போன பாம்பு, சீறும், கடிக்காது என்கிறார். சலூன்காரர் என் கழுத்தில் கத்தியை வைத்துக்கொண்டே, "வேகமா பரவுதுன்னாலே வீரியம் குறைஞ்சிடுச்சுன்னு அர்த்தம் சார், ஒரு கரண்டி குழம்பை ஊருக்கே ஊத்தினா காரம் இருக்குமா?" என்றார். கழுத்தில் கத்தி இருக்கும்போது மறுத்துப் பேசுகிற வழக்கம் எனக்கு இல்லை. தவிர, மூன்று பேரில் அவர் சொன்னதுதான் கேட்க வசதியாக இருந்தது. அப்படியே நம்பிவிட்டேன். அந்தத் துறையிலேயே வேலை பார்க்கிற தங்கையை வைத்துக்கொண்டு சலூனில் படித்த அண்ணன் நான்.

தொழில் பற்றிக் கேட்டிருந்தாய். வண்டி ஓடுகிறது, வாய் அதைவிட வேகமாக ஓடுகிறது. காரோட்டக் கற்றுக்கொடுப்பவனுக்குக் காலில் ஒரு பிரேக், வாயில் பிரேக்கே இல்லை என்று உன் அண்ணி சொல்வாள். வருகிறவர்களுக்கெல்லாம் நான் பட்டப்பெயர் வைப்பது உனக்குத் தெரியும். இப்போது 'ஹாரன் மாமா' என்று ஒருவர் இருக்கிறார். 'அம்மாடி அக்கா' என்று ஒருத்தி, ஒவ்வொரு வளைவிலும் பெற்ற தாயைக் கூப்பிடுகிறாள். ஒரே ஒருவருக்குத்தான் பட்டப்பெயர் வைக்க மனம் வரவில்லை. ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். இந்த வயதில் எதற்கு ஸ்டியரிங் என்றால், வீட்டுக்காரருக்குச் சிறுநீரகம் மாற்றி வைத்திருக்கிறார்கள். மகன் கப்பலில் வேலை. மருமகளுக்கு வேறு ஊரில் உத்தியோகம். அடிக்கடி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், யார் கையையும் எதிர்பார்க்கக் கூடாது என்று கிளம்பிவிட்டார். "கிளட்சை மெதுவா விடுங்கன்னு சொல்லாதீங்க மாஸ்டர், கால்வாசியா அரைவாசியான்னு சொல்லுங்க" என்பார். இன்று அவருக்கு லைசென்ஸ் பரீட்சை. பாஸ் பண்ணிவிட்டார். ஏற்றத்தில் நிறுத்தி எடுத்தபோது வண்டி ஓர் அங்குலம்கூடப் பின்னால் வரவில்லை. நான் ஓரமாக நின்று கைதட்டினேன்.

அது கிடக்கட்டும். உன்னிடம் ஒரு சந்தேகம் கேட்க வேண்டும். எனக்கில்லை, என் நண்பர் ஒருவருக்கு. அவரும் கார் கற்றுக்கொடுப்பவர்தான். காலையில் எழுந்ததும் தொண்டை கரகரவென்று இருந்ததாம். வாய் ஓயாத தொழில், கரகரக்காமல் என்ன செய்யும் என்று மாணவியை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார். கிளம்பும்போது வீட்டுக்காரி, மூக்கில் குச்சி விட்டுப் பார்த்துவிட்டுப் போங்கள் என்றாளாம். அந்த அம்மாவுக்கு அன்றைக்குத்தான் பரீட்சை. தவறினால் அடுத்த வாய்ப்பு எப்போதோ. பார்த்து, வந்திருந்தால் என்ன செய்வது என்று இவர் பார்க்கவில்லை. போதாததற்கு மழை. கண்ணாடியை ஏற்றிவிட்டு, பரீட்சை பயம் போகட்டும் என்று வழியெல்லாம் ஜோக் சொல்லிக்கொண்டே போயிருக்கிறார். அந்த அம்மாவும் வாய்விட்டுச் சிரித்தாராம். சாயங்காலம் வந்து குச்சி விட்டுப் பார்த்தால் இரண்டு கோடு. அந்த அம்மா வீட்டிலும் உடம்புக்கு முடியாத ஒருவர் இருக்கிறாராம். பார், எப்படி ஒற்றுமை!

நண்பர் கேட்கிறார்: இந்தப் புது வகை உண்மையிலேயே ஆபத்தானதா, சும்மா ஜலதோஷம்தானா? அந்த அம்மாவிடம் சொல்லித்தான் ஆக வேண்டுமா, தானாகச் சரியாகிவிடுமா? பாவம், சங்கடப்படுகிறார். சீக்கிரம் பதில் எழுது.

வேளைக்குச் சாப்பிடு. பல்லாண்டு நன்றாக இரு.

உன் அண்ணன்.


அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. 'அந்த நண்பருக்கும் உன்னைப் போலவே மீசை இருக்குமே' என்று முதல் வரியிலேயே கேட்டிருந்தாய். படித்துவிட்டு எழுந்துபோய்க் கண்ணாடியில் பார்த்தேன். இருக்கிறது.

நீ எழுதியதை மறுபடி மறுபடி படித்தேன். எனக்குப் புரிந்தது சரிதானா என்று பார். வைரஸ் தன்னைத்தானே படி எடுத்துக்கொண்டே இருக்கும். படி எடுப்பதில் பிழை வரும். முக்கால்வாசிப் பிழை ஒன்றுக்கும் உதவாமல் போகும். எந்தப் பிழை ஆளுக்கு ஆள் தாவ வசதியாக இருக்கிறதோ, எது பழைய தடுப்பை ஏமாற்றிவிட்டு உள்ளே நுழைகிறதோ, அது மற்றவற்றை முந்திக்கொள்ளும். முந்திக்கொண்டதனால் அது கொடியது என்றும் இல்லை, சாது என்றும் இல்லை. பரவுகிற சாமர்த்தியம் வேறு, கொல்லுகிற சாமர்த்தியம் வேறு. இங்கேதான் எனக்கு ஓர் உதை விட்டிருந்தாய்: 'அண்ணா, உன் வாயிலிருந்து கிளம்புகிற கதை மாதிரிதான். ஆளுக்கு ஆள் மாறிக்கொண்டே போகும். கடைசியில் ஜெயிப்பது உண்மையான கதை இல்லை, சொல்ல ருசியான கதை.'

அதற்குக் கீழே நீ அழுத்தி எழுதியிருந்ததை மட்டும் என்னால் தாண்டிப் போக முடியவில்லை. 'ஆபத்தா என்று கேட்காதே. யாருக்கு ஆபத்து என்று கேள். நூறு பேருக்குத் தும்மலோடு போவது, சிறுநீரகம் மாற்றிக்கொண்டவரிடம் அப்படிப் போகாது. மாற்றிய உறுப்பை உடம்பு தள்ளிவிடாமல் இருக்க அவர் சாப்பிடும் மருந்தே அவருடைய எதிர்ப்புச் சக்தியைக் கட்டிப் போட்டிருக்கும். தடுப்பூசிகூட அவருக்கு முழுப் பலன் தராது.' அடுத்து: 'இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்குள் அந்த அம்மாவிடம் நீ சொல்லியிருக்க வேண்டும்.'

சொல்லவில்லை, தங்கச்சி.

அன்று சாயங்காலம் போனைக் கையில் எடுத்தேன். அதே நேரம் டீச்சரிடமிருந்து ஒரு படம் வந்தது. லைசென்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு அவர், பக்கத்தில் வீட்டுக்காரர் சார், இரண்டு பேரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி சிரிக்கிறார்கள். இந்தச் சிரிப்பில் போய் மண்ணைப் போடுவதா, காலையில் சொல்லலாம் என்று நினைத்தேன். இது நான் எனக்கே சொல்லிக்கொண்ட காரணம். உனக்கு மற்றதையும் சொல்கிறேன். என் வண்டியில்தான் வந்தது என்று தெரிந்தால் மறுநாள் என் வண்டியில் நாய்கூட ஏறாது என்றும் நினைத்தேன். மற்ற மாணவர்களிடம் வண்டி ஒர்க்ஷாப்பில் இருக்கிறது என்று சொல்லிவிட்டு வீட்டில் படுத்துக்கொண்டேன். எனக்கு ஒன்றுமே இல்லை. நாலு தும்மல், கொஞ்சம் உடம்பு வலி. சலூன்காரர் ஜெயித்துவிட்டார் என்றுகூட ஒரு நாள் சந்தோஷப்பட்டேன்.

டீச்சருக்கு இருமல் ஆரம்பித்தது. அவருக்கு அதோடு போயிற்று. இரண்டொரு நாளில் சாருக்குக் காய்ச்சல். பிறகு மூச்சு வாங்கியிருக்கிறது. இப்போது ஆஸ்பத்திரியில் பிராணவாயு வைத்திருக்கிறார்கள்.

இத்தோடு முடிந்திருந்தால் தலையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். இதற்குமேல் ஒன்று செய்திருக்கிறேன். டீச்சருக்கு இருமல் வந்த அன்றைக்குக் காலையில்தான் மருமகள் ரயிலில் வந்து இறங்கியிருக்கிறாள். மாமியார் லைசென்ஸ் வாங்கியதைக் கொண்டாட லீவு போட்டுவிட்டு வந்தவள். அவளுக்குத் தூசி ஒத்துக்கொள்ளாது போலிருக்கிறது, மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்தாளாம். டீச்சர் ஆஸ்பத்திரியிலிருந்து எனக்குப் போன் செய்தார். குரலே அவருடையதாக இல்லை. "மருமக வந்தா மாஸ்டர். வந்ததுல இருந்து மூக்கை உறிஞ்சிக்கிட்டே இருந்தா. ரயில்ல எத்தனை பேரு! அவதான் கொண்டு வந்து வீட்ல இறக்கிட்டா. நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்டார்.

நான் என்ன நினைக்கிறேன் என்று ஒருவர் கேட்டுவிட்டு எனக்காகக் காத்திருந்தார். வாசற்கதவைத் திறந்துவைத்து வா என்று கூப்பிட்ட மாதிரி. நான் சொன்னேன்: "ரயில்ல வந்தா வராம இருக்குமா, டீச்சர்."

அதை நான் சொல்லவில்லை, என் வாய்தான் சொன்னது என்று எழுதிப் பார்த்தேன். அடித்துவிட்டேன். நான்தான் சொன்னேன்.

உங்களிடம் ஒரு இயந்திரம் இருக்கிறதாமே, வைரஸை எழுத்து எழுத்தாகப் பிரித்துப் படிக்குமாமே. என்னுடையதையும் சாருடையதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்து இரண்டும் வேறு வேறு என்று சொல்ல முடியுமா? நான் அந்த மழையில் ஜோக் மட்டும்தான் சொன்னேன், வேறொன்றும் கொடுக்கவில்லை என்று யாராவது ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். எவ்வளவு செலவானாலும் சரி.

நீ முகமூடியை ஒழுங்காகப் போட்டுக்கொள். உனக்கு நான் சொல்வதா என்று சிரிக்காதே.

உன் அண்ணன்.


அன்புத் தங்கைக்கு,

உன் பதில் சுருக்கமாக இருந்தது. நீ கோபமாக இருந்தால் எழுத்து சின்னதாகிவிடும், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். எழுத்து எழுத்தாகப் படித்தாலும், ஊரில் பாதிப் பேருக்கு இப்போது இருப்பது ஒரே வகை; ஒன்றாக இருந்தாலும் யார் யாருக்குக் கொடுத்தார் என்று அது சொல்லாது, வேறாக இருந்தால்தான் ஏதாவது சொல்லும்; என் மனசாட்சிக்கு நற்சான்றிதழ் அச்சடிக்கிற வேலை அதற்கு இல்லை என்று எழுதியிருந்தாய். அப்புறம் ஒரு வரி: 'காலையில் வந்தவளிடமிருந்து மத்தியானம் இருமல் வராது. இந்த வைரஸுக்கும் உடம்பில் வேர்விட நாள் வேண்டும். இது உனக்குத் தெரியும்.'

தெரியும். டீச்சர் அன்று போனில் சொல்லும்போதே தெரியும். அதனால்தான் அவ்வளவு சீக்கிரம் ஆமாம் போட்டேன்.

நான் போட்ட ஆமாம் இப்போது எங்கே இருக்கிறது தெரியுமா? டீச்சர் தன் தங்கையிடம், 'மாஸ்டரே சொன்னார்' என்றிருக்கிறார். அது மளிகைக்கடைக்கு வந்தபோது, காய்ச்சல் இருந்தும் தெரிந்தே வந்தாளாம் என்று ஆகியிருந்தது. சலவைக்கடையில், காய்ச்சல் தெரியாமல் இருக்க மாத்திரை போட்டுக்கொண்டு வந்தாளாம். நேற்று தையற்கடைக்காரி என் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டே என்னிடமே சொல்கிறாள்: "மாமனார் கண்ணை மூடிட்டா வீடு அவளுக்குத்தானே சார், சும்மாவா ஓடி வந்தா?" நான் பெற்ற பிள்ளை எனக்கே அடையாளம் தெரியாமல் வளர்ந்து நின்றது. அது கப்பலில் இருக்கிற டீச்சரின் மகன்வரைக்கும் போய்விட்டது. அவன் இப்போது பெண்டாட்டியோடு பேசுவதில்லையாம். நடுக்கடலில் இருக்கிறவனுக்கு வைரஸ் போகவில்லை, என் பேச்சு போயிருக்கிறது. எது அதிக ஆபத்து என்று உன்னிடம் இனிக் கேட்கமாட்டேன்.

உன் அண்ணிக்கும் தெரிந்துவிட்டது. டீச்சரிடம் அன்றைக்கே சொல்லிவிட்டேன் என்று அவளிடம் புளுகியிருந்தேன். தையற்கடைக் கதை அவள் காதுக்கும் வந்ததும் என்னை உட்கார வைத்துக் கேட்டாள். நான் ஏதோ சிரிப்பாக ஆரம்பித்தேன். "சும்மா இருங்க" என்றாள். "நாள் முழுக்க வாய் கிழியப் பேசுற மனுஷனுக்கு, 'என்கிட்ட இருந்துதான் வந்துச்சு'ன்னு சொல்ல மட்டும் வாய் வரலையா?" அதற்கப்புறம் பேசவில்லை. தொற்று வந்தபோது என்னைத் தனி அறையில் வைத்திருந்தாள். குணமாகி வெளியே வந்துவிட்டேன். இப்போது அந்தத் தனி அறை நான் போகிற இடமெல்லாம் என்னோடு வருகிறது.

நான் முயற்சியே செய்யவில்லை என்று நினைக்காதே. ஒரு நாள் போன் செய்தேன். டீச்சர் எடுத்தார். தொண்டையைக் கனைத்துக்கொண்டு, ரிவர்ஸ் எடுக்கும்போது இப்போதும் தோளைத் திருப்பிப் பார்க்கிறீர்களா என்று கேட்டேன். வீட்டுக்காரர் மூச்சுக்குத் திண்டாடும்போது ஒருவன் ரிவர்ஸ் பற்றிக் கேட்கிறான். அவர் பொறுமையாக, "பார்க்கிறேன் மாஸ்டர்" என்றார். இன்னொரு நாள், எனக்குச் சுத்தமாகப் போய்விட்டது என்று குச்சி விட்டுப் பார்த்துக்கொண்டு, ஆஸ்பத்திரிக்கே போனேன். கார் நிறுத்துமிடத்தில் டீச்சரைப் பார்த்தேன். வாயைத் திறந்தேன். "டயர்ல காத்து கம்மியா இருக்கு டீச்சர்" என்று வந்தது. சாவியை வாங்கிக்கொண்டு போய்க் காற்று பிடித்துக் கொண்டுவந்து கொடுத்தேன். அவர் நன்றி சொன்னார். அந்த நன்றியை எங்கே வைப்பது என்று தெரியாமல் வீட்டுக்கு வந்தேன்.

இன்று மறுபடியும் போனேன். டீச்சர் மேலே இருந்தார். மருமகள் கீழே, கார்கள் நிற்கிற இடத்தில் ஒரு சிமெண்ட் திண்டில் உட்கார்ந்திருந்தாள். அவளை நான் பார்ப்பது இதுதான் முதல் தடவை. என் வண்டியின் மேல் இருந்த பலகையைப் பார்த்துவிட்டு அவளே எழுந்து வந்தாள். மாமியார் அவளை மாடிக்கு வர விடுவதில்லை. அதனால் கீழேயே இருக்கிறாள். மருந்து வாங்கி வர, துணி கொண்டுவந்து கொடுக்க. வார்டு வேலைக்காரர் வந்து வாங்கிக்கொண்டு போகிறார்.

"அத்தையை நல்லா பழக்கியிருக்கீங்க மாஸ்டர்" என்றாள். "மாமாவுக்கு மூச்சு வாங்கினப்ப ஆம்புலன்ஸ் வர லேட்டாகும்னுட்டாங்க. அத்தையே ஓட்டிட்டு வந்துட்டாங்க. வழியில ஒரு தடவைகூட வண்டி நிக்கல. நீங்க இல்லன்னா என்ன ஆகியிருக்கும்!"

நான் இல்லை என்றால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத்தான் தெரியுமே.

அப்புறம் அவள் சொன்னதுதான், தங்கச்சி. "எனக்கு டெஸ்ட்ல வரவே இல்ல. மூணு தடவை பார்த்துட்டேன். ஆனா டெஸ்ட் சில சமயம் தப்பா காட்டும்னு சொல்றாங்கள்ல? எனக்கே தெரியாம நான்தான் கொண்டு வந்திருக்கேன் மாஸ்டர். கேக் வாங்கிட்டு வந்தேன், அதோட இதையும் எடுத்துட்டு வந்துட்டேன்." அழவில்லை. கணக்கைப் போட்டுப் பார்த்து விடை இதுதான் என்று ஒத்துக்கொண்டவள் மாதிரி சொன்னாள். ஊர் சொன்னதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அவளே நம்பிவிட்டாள்.

நான் கையிலிருந்த தண்ணீர் பாட்டிலை அவளிடம் கொடுத்தேன். குடிம்மா என்றேன். வண்டியில் ஏறி வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்துதான் இதை எழுதுகிறேன்.

நாளைக்குப் போய்ச் சொல்லிவிடுவேன் என்று எழுத நினைத்தேன். இந்த 'நாளை'யை நான் எத்தனை தடவை உபயோகித்திருக்கிறேன்! இப்போதே போகிறேன். போகிற வழியில் இந்தக் கடிதத்தைத் தபால் பெட்டியில் போட்டுவிடுவேன். பெட்டிக்குள் விழுந்த பிறகு நான் பாதி வழியில் திரும்பி வந்தாலும் உன்னிடம் பொய்யனாகிவிடுவேன். அந்தப் பயமாவது என்னை மாடிப்படி ஏற்றட்டும்.

உன் அண்ணன்.


அன்புத் தங்கைக்கு,

சொல்லிவிட்டேன்.

மருமகளையும் கூட அழைத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். அவள் வரமாட்டேன் என்றாள், அத்தை திட்டுவார் என்று பயந்தாள். திட்டு எனக்குத்தான் விழும், வாம்மா என்று கூப்பிட்டுக்கொண்டு போனேன். வார்டுக்கு வெளியே நீளமான நடையில், சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலிகள். டீச்சர் கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மருமகளைப் பார்த்ததும் முகம் மாறியது. "இவளை எதுக்கு மாஸ்டர்..." என்று ஆரம்பித்தார். நான் அவரை முடிக்க விடவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக ஜோக் எதுவும் சொல்லாமல் ஒரு பேச்சை ஆரம்பித்தேன். "இந்தப் பொண்ணு கொண்டு வரல டீச்சர். நான்தான் கொண்டு வந்தேன்" என்றேன்.

அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வகுப்பில் கணக்குத் தப்பாகப் போட்ட பையனை எழுப்பி நிறுத்தி, எந்த வரியில் தப்பு என்று தேடுகிற மாதிரி ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"அன்னைக்கு வண்டியில வரும்போதே தொண்டை சரியில்லையா?"

ஆமாம் என்றேன்.

"வீட்டில சார் எப்படி இருக்கார்னு உங்களுக்குத் தெரியும்."

தெரியும் என்றேன்.

"உங்களுக்கு வந்திருக்குன்னு எப்ப தெரிஞ்சுது?"

அன்றைக்குச் சாயங்காலமே என்றேன்.

டீச்சர் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தார். பிறகு, "அன்னைக்கு எனக்கு ஒண்ணுமே இல்ல மாஸ்டர்" என்றார். "மறுநாளும் இல்ல. நீங்க சாயங்காலம் ஒரு போன் பண்ணியிருந்தா நான் அவர் அறையில படுத்திருக்க மாட்டேன். தங்கச்சி வீட்டுக்குப் போயிருப்பேன். அவர் பக்கத்திலயே போயிருக்க மாட்டேன்."

தங்கச்சி, நான் இத்தனை நாளும் அந்த மழையையே நினைத்துக்கொண்டிருந்தேன். கண்ணாடியை இறக்கியிருக்கலாம், வாயை மூடியிருக்கலாம், குச்சியைக் காலையிலேயே விட்டுப் பார்த்திருக்கலாம் என்று. அதற்கெல்லாம் ஏதாவது ஒரு சாக்கு சொல்லலாம். தெரியாமல் நடந்தது, யாருக்கும் நடக்கும். அவர் சரியான வரியில் விரலை வைத்துவிட்டார். வைரஸ் வண்டியோடு நின்றிருக்கும். தெரிந்தபிறகு பேசாமல் இருந்து, அதை அவர்கள் படுக்கையறைவரை கொண்டுபோய் விட்டது நான்.

மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. மருமகள் பக்கம் திரும்பி, "சாப்பிட்டியா?" என்று கேட்டார். அவள் இல்லை என்று தலையாட்டினாள். பக்கத்து நாற்காலியில் இருந்த பையை எடுத்துக் கீழே வைத்துவிட்டு, "உட்காரு" என்றார். அவள் உட்கார்ந்தாள். உட்கார்ந்தபிறகுதான் அழுதாள். டீச்சர் அவள் முதுகில் கையை வைத்துக்கொண்டு, அப்போதுதான் என்னை நிமிர்ந்து பார்த்தார். "மகனுக்கு நானே போன்ல சொல்லிக்கறேன். நீங்க இனிமே இங்க வராதீங்க மாஸ்டர்" என்றார். கடைசிவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிட்டார்.

வந்துவிட்டேன். வழியில் மளிகைக்கடை, சலவைக்கடை, தையற்கடை மூன்றிலும் இறங்கி, மருமகள் இல்லை, நான்தான் என்று சொல்லிவிட்டு வந்தேன். இதை யாரும் வேகமாகப் பரப்பமாட்டார்கள். உண்மைக்கு அவ்வளவு ருசி இல்லை. மளிகைக்கடைக்காரர், "சும்மா இருங்க சார், அந்தப் பொண்ணைக் காப்பாத்தச் சொல்றீங்க, உங்களுக்கு எப்பவும் விளையாட்டு" என்று சிரிக்கிறார். நாற்பது வருஷம் ஊரைச் சிரிக்க வைத்தவனுக்குக் கிடைத்த கூலி. மறுபடி போய்ச் சொல்வேன். நம்புகிறவரை சொல்வேன். என் மாணவர்களிடமும் சொல்லிவிட்டேன். ஹாரன் மாமா வேறு இடம் பார்த்துக்கொண்டார். அம்மாடி அக்கா கண்ணாடியை இறக்கிக்கொண்டு வருகிறாள். உன் அண்ணி நேற்று என் தட்டில் சோறு போடும்போது, போதுமா என்று கேட்டாள். ஒரு வார்த்தைதான்.

சார் எப்படி இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. கேட்கிற உரிமையை விட்டுவிட்டு வந்துவிட்டேன். மூச்சுக்கு இன்னும் பெரிய இயந்திரம் வைக்கலாமா என்று டாக்டர்கள் யோசிப்பதாக நான் அங்கிருந்தபோது நர்ஸ் ஒருத்தி சொன்னது காதில் விழுந்தது. அதற்கப்புறம் ஒன்றும் தெரியாது. ஆஸ்பத்திரி இருக்கிற சாலைப் பக்கம் வண்டியைக் கொண்டுபோவதில்லை. மாணவர்களை வேறு பக்கம் திருப்பச் சொல்கிறேன். போன் அடித்தால் ஓடிப்போய் எடுக்கிறேன். எடுத்தால் ஏதோ கடன் அட்டை விற்கிறவர்கள்.

ஒரு உதவி செய். படியிறங்கும்போது மருமகள் என் பின்னாலேயே வந்தாள். உன்னைப் பற்றி அவளிடம் சொல்லி, உன் நம்பரைக் கொடுத்திருக்கிறேன். மாமனாருக்கு இந்த மருந்து சரியா, இந்த வகை எத்தனை நாள் உடம்பில் தங்கும், அத்தைக்கு மறுபடி வருமா என்று அவளுக்கு ஆயிரம் சந்தேகம். டாக்டர்கள் அவசரத்தில் பாதிதான் சொல்கிறார்களாம். எந்த நேரத்தில் கூப்பிட்டாலும் எடுத்துப் பேசு. தெரிந்ததைச் சொல், தெரியாததைத் தெரியாது என்று சொல். தைரியம் சொல்கிறேன் என்று எதையும் குறைத்துச் சொல்லாதே. குறைத்துச் சொன்னதை நம்பி, சொல்ல வேண்டியதை நான் சொல்லாமல் விட்டதால்தான் அவர்கள் அங்கே போய் நிற்கிறார்கள். அவர் பிழைத்து எழுந்தால் அந்தச் செய்தியை எனக்கு அவள் சொல்ல வேண்டியதில்லை, நீ கேட்டுச் சொன்னால் போதும். அப்படி ஆகாவிட்டால், அதையும் நீதான் சொல்ல வேண்டும், உடனே சொல்ல வேண்டும். எனக்காக மறுநாள்வரை தள்ளிப்போடாதே.

எனக்குத் தெரிந்து நான் யாருக்காகவும் சாமி கும்பிட்டதில்லை. இப்போது தினமும் காலையில் வண்டியை எடுக்குமுன் கண்ணை மூடி, முகமே நன்றாகப் பார்த்திராத ஒரு மனிதருக்கு மூச்சு வரட்டும் என்று நிற்கிறேன். நீயும் அவரை நினைத்துக்கொள்.

அவள் உன்னோடு பேசும்போது, பேச்சுவாக்கில் என்னைப் பற்றி ஏதாவது கேட்பாள். நல்ல பெண், எனக்காக வருத்தப்படக்கூடச் செய்வாள். அப்போது நீ தங்கைப் பாசத்தில், எங்கள் அண்ணன் நல்லவர்தான் என்று மட்டும் அவளிடம் சொல்லிவிடாதே, அம்மா.

நீ நன்றாக இரு.

உன் அண்ணன்.